மூன்று திருக்கைக் குட்டிகள்

அதுவரை திருக்கையை வாழையிலையில், மேலே மிளகாய்ச் சம்பல் பூசிக் கிடக்கும் கோலத்தில்தான் பார்த்திருந்தேன். அதற்கு வால் உண்டு, வாலில் முள் உண்டு என்பதெல்லாம் தங்கை பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கை நாள் நிறையாமல் பிறந்துவிட்டாள். அவளை மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு அம்மா மட்டும் தெம்பனிஸில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார். அப்பா ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆகவே மருத்துவமனையின் ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது தொடக்கநிலை மூன்றில் படித்த என் பொறுப்பு. ‘பிரிமெச்சூர்’ என்ற சொல்லைத் தடுமாறாமல் வாசித்தேன். சீக்கிரம் வந்துவிட்டாள் என்று பொருளும் சொன்னேன். எங்கள் பள்ளியில் சீக்கிரம் வருபவர்களைப் பாராட்டுவார்கள். இவர்கள் ஏன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா மணிக்கணக்காக மெஷின் வைத்துப் பால் எடுப்பார். புட்டியின் அடிப்பாகம்கூட நனையாது. அதையும் ஐஸ் பையில் வைத்து, எம்ஆர்டி ரயில் பிடித்து, அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்.

பிள்ளை பெற்றவளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருந்த பெரியம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. “திருக்கைப் புட்டு குடுத்தா ரெண்டே நாள்ல பால் பொங்கும். ஆனா ஐஸ்ல கெடந்தது ஆவாது. உயிரோட பிடிச்சுட்டு வாங்க” என்று அப்பாவுக்கு உத்தரவு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா, நான், கப்பல் பட்டறையில் வேலை செய்த மாமா மூவரும் இரவல் தூண்டில்களோடு பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனோம். கற்கள் மேல் உட்கார்ந்து, இறாலைக் கோத்து வீசினோம். வெகுநேரம் கழித்து மாமாவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியது. பிறகு என் தூண்டில் வளைந்தது.

“டேய் மருமவனே, விட்றாத! பெரிய சாமான்லா!”

மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். தாம்பாள அகலத்துக்குப் பழுப்பாக ஒன்று மணலில் வந்து அடித்துக்கொண்டது. மாமா வாலைச் செருப்புக்காலால் மிதித்து, அதன்மேல் ஈரத்துண்டைப் போட்டார். “கிட்ட வராத. முள்ளு ஏறுச்சுன்னா அப்புறம் ஒங்கப்பா ரெண்டு ஆஸ்பத்திரிக்கு அலையணும்.”

என் காதில் எதுவும் ஏறவில்லை. தங்கைக்குப் பால் வரப்போவது என்னால் என்று வகுப்பில் எப்படி ஆரம்பிப்பது என யோசித்துக்கொண்டிருந்தேன்.

கொக்கியைக் கழற்ற மாமா மீனைப் புரட்டினார். அதன் அடிவயிற்றிலிருந்து, சுருட்டிய வெற்றிலைபோல் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து மணலில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. மூன்றாவது மிகச் சிறியது. வயிற்றில் மஞ்சளாக ஒரு பை ஒட்டிக்கொண்டிருந்தது.

“பயந்துருச்சுன்னா இது நாளுக்கு முந்தியே குட்டிய வெளிய தள்ளிடும் மச்சான்” என்றார் மாமா. “நமக்கென்ன, ஒன்னு பிடிச்சா மூணு ஃப்ரீ!”

அவர் மட்டும்தான் சிரித்தார். அப்பா குறடால் கொக்கியை எடுத்தார். மீனைத் துண்டோடு தூக்கி, பேண்ட்டைக்கூட மடிக்காமல் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அதை விட்டார். திரும்பி வந்து குட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் ஏந்திப் போனார். இரண்டு குட்டிகள் சுருள் பிரிந்து நழுவிப் போயின. சின்னது பிரியவில்லை. அதைத் தண்ணீருக்குள் பிடித்தபடி, மறுகையால் தண்ணீரை அதன்மேல் அளைந்துவிட்டுக்கொண்டு அப்பா நின்றார். மாமா இரண்டுமுறை கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் அது கையிலிருந்து சரிந்து கல்லிடுக்கில் போய் அசையாமல் கிடந்தது.

“என் மீனு! அம்மாவுக்குப் பாலு?” என்று கத்தினேன்.

“தேக்காவுல வாங்கிக்கலாம், வா” என்றார் அப்பா.

தேக்கா சந்தையில் ஐஸ் மேல் கிடந்த திருக்கையிலிருந்து ஒரு துண்டம் வாங்கினோம். “பெரியம்மா கேட்டா?” என்று மாமா எனக்கு வழியெல்லாம் பாடம் நடத்தினார். “நாம பிடிச்சது” என்று ஒப்பித்தேன்.

பெரியம்மா மீனை அவித்து, தோலை உரித்து, உதிர்க்கும்போதே முகர்ந்து பார்த்தார். “உயிர் மீனோட வாசமே தனி!” மிளகும் பூண்டும் மணக்க, புட்டை அம்மாவின் தட்டில் வைத்தார். “தின்னு. ஒம் புருசன் கடல்ல எறங்கிப் பிடிச்சது.”

என்னால் தாங்க முடியவில்லை. “அப்பா பிடிக்கல, நான்தான் பிடிச்சேன்! இது தேக்காவுல வாங்குனது. என் மீனு குட்டி போட்டுச்சுன்னு அப்பா கடல்ல விட்டுட்டாரு!”

பெரியம்மா கரண்டியோடு அப்பா பக்கம் திரும்பினார். இன்றைக்கு அப்பாவுக்கு அம்மாவும் நன்றாகத் திட்டு கொடுப்பார் என்று காத்திருந்தேன். அம்மா, வாய்க்குக் கொண்டுபோன கையைத் தட்டில் இறக்கினார்.

“குட்டிங்க நீந்துச்சாங்க?”

“நீந்துச்சு.”

“எல்லாமா?”

“மூணும்.”

அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “சின்னதும்?”

“சின்னதுதான் மொதல்ல போச்சு” என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது மிரட்டல் இல்லை. அவர் என்னிடம் அதற்குமுன் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை என்பதால், என்ன பார்வை என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். அம்மா புட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நாளாக ஆகப் பால் கூடியது. ஏழாவது வாரம் தங்கை வீட்டுக்கு வந்தாள். ஐஸ் மீனை மட்டும் பெரியம்மா மன்னிக்கவே இல்லை.

ஆனால் அன்று எனக்கு இருந்த ஆத்திரம் வேறு. பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு அத்தனை முறை சொன்ன அப்பா, போயும் போயும் ஒரு மீன்குட்டிக்காக, அதுவும் அம்மாவிடம், கண் கலங்கக் கலங்கப் பொய் சொல்கிறாரே என்று நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.