பைப்பை மூடுகிற கை

இந்தப் பேப்பருக்கு ஒரு பக்கம் எழுத எனக்கு மூன்று நாள் ஆகும். எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் போய்விடும் — வழக்கமாக. இந்த வாரம் போகவில்லை. ஏனென்றால் கோபம் என் சொந்த மகன் மேல்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து விளையாட்டுக் கழகம் கூட்டம் போட்டது. சித்திரை வருசப் பிறப்புக்கு என்னென்ன போட்டி வைப்பது என்று பேசுவதற்கு. என் மகன் யோகராஜ்தான் செயலாளர். கையில் கூட்டத்தில் பேசியதை எழுத ஒரு கொப்பி, காதில் ஒரு பேனா. தோட்டத்து மேனேஜர் பெரிய துரையே தோற்றான், போங்கள்.

"பொம்பளைங்க கிரிக்கெட் இந்த வருசத்தோட வேணாம்" என்றான். "லுணுகலைப் பக்கத்துல இருந்து வர்றவளுக வருசா வருசம் அடிச்சு நொறுக்கிட்டுப் போறாளுக. தோட்டத்துக்கே கேவலம். பேசாம தேங்காய் துருவுறது, பனிஸ் திங்கிறதுன்னு வைப்போம்."

ஆண்கள் கை தட்டினார்கள்.

தேங்காய் துருவலாம்! விடியுமுன்னே எழுந்து தேங்காய் துருவி, சம்பல் அரைத்து, ரொட்டி சுட்டு, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறுகிறவள், வருசத்தில் ஒரு நாள் விளையாட வந்தால்... அங்கேயும் தேங்காய் மூடியா? ஆண்களுக்கு அன்றைக்குக் கொழுந்து மூட்டை தூக்கும் போட்டி வைத்தால் வருவார்களா?

யோகராஜின் பெண்டாட்டி புஷ்பா எழுந்தாள். எங்கள் பெண்கள் அணியில் பந்து போடுகிறவள் அவள்தான்.

"ஏங்க, நீங்க மட்டும் எத்தன மேட்ச் ஜெயிச்சுக் கிழிச்சீங்க?"

"நாங்க தோத்தாலும் கவுரவமா தோப்போம், புள்ள."

ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தலை கனத்துவிட்டது. அவனே சொன்னான்: "சரி, அடுத்த ஞாயிறு நான் பேட்ட புடிக்கிறேன். நீ ஆறு பந்து போடு. என்னை அவுட் ஆக்கிட்டா மேட்ச் உண்டு. இல்லாட்டி இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

புஷ்பா சரி என்றுவிட்டாள். ஆனால் அவள் போடுவதெல்லாம் நேர்ப்பந்து. ஆணி அடித்த மாதிரி நேராக வரும். யோகராஜ் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பான்.

அவள் மட்டும் இல்லை. எங்கள் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் எல்லாருமே நேராகத்தான் போடுவார்கள். காரணம் மைதானம். நமுனுகுல மலையில் தட்டையாக ஓர் இடம் கிடைப்பதே பெரிய பாக்கியம். ஒரு பக்கம் கல் சுவர். மறுபக்கம் கிடுகிடுவென்று சரிவு, கீழே தேயிலை. பந்து சரிவில் விழுந்தால் அதைப் போட்டவர்தான் இறங்கி எடுக்க வேண்டும். இதுதான் எங்கள் சட்டம். அட்டை இருக்கும், குளவி இருக்கும், வழுக்கும். பிறகு யார் பந்தைத் திருப்பிப் பழகுவார்கள்? நேராகப் போட்டால் சுவரோரமாகவே நிற்கும். இப்படியே மூன்று தலைமுறையாக நேர்ப்பந்து!

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் ஜெயந்தி. புஷ்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவள். கொழும்புப் பக்கம் கார்மென்ட்ஸில் ஒன்பது வருசம் வேலை செய்து, அங்கே பெண்கள் அணியில் ஆடிவிட்டுத் திரும்பி வந்தவள்.

"பந்து நேரா வந்தா அவரு அடிப்பாரு. விழுந்த எடத்துல இருந்து திரும்பணும்டி" என்றாள். "வெரல்ல புடிச்சு, விடுற நேரத்துல திருகு. கதவுக் கைப்பிடிய திருகுற மாதிரி."

"எங்க லயத்துல எந்தக் கதவுக்குக் கைப்பிடி இருக்கு? கொண்டிதான் இருக்கு!"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். புஷ்பா பத்து இருபது தடவை போட்டுப் பார்த்தாள். கை திரும்பவே இல்லை. நேராகப் போய் நேராகவே நின்றது.

அது ஏன் என்று எனக்குத் தெரிந்தது. நாற்பது வருசம் கொழுந்து பறித்தவள் இல்லையா நான்? கொழுந்தைத் திருகிப் பறிக்கக் கூடாது. திருகினால் நசுங்கிக் கறுத்துப் போகும். விரல் நுனியால் டக்கென்று கிள்ள வேண்டும். புதிதாக வருகிறவள் கையைத் திருகினால் கங்காணி கத்துவார்... நானும் கத்தியிருக்கிறேன். அந்தக் கைக்கு இன்றைக்குத் திருகு என்றால் எப்படித் திருகும்?

சொன்னேன். ஜெயந்தி புஷ்பா பக்கம் திரும்பினாள்.

"புஷ்பா, நம்ம லயத்து பைப்ப எப்பிடி மூடுவ?"

எங்கள் லயத்தில், வரிசையாக ஒட்டிய எட்டு வீட்டுக்கு ஒரே ஒரு தண்ணீர் பைப். உள்ளே வாசர் தேய்ந்து எத்தனையோ காலமாகிறது. ஆபீஸில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சும்மா மூடினால் சொட்டிக்கொண்டே இருக்கும். மணிக்கட்டையும் விரலையும் சேர்த்து, பல்லைக் கடித்து, ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். காலையும் மாலையும் அதை முறுக்குவது யார்? ஆம்பளைகளா?

புஷ்பா பந்தைப் பார்த்தாள். ஓடி வந்தாள். பைப்பை மூடினாள்.

பந்து விழுந்து... வலது பக்கமாகத் திரும்பிப் பாய்ந்து, சரிவில் இறங்கித் தேயிலைக்குள் போய்விட்டது. நாங்கள் போட்ட கூச்சல் கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் பயிற்சி. பந்து திரும்பினாலே சரிவில்தான் விழும். புஷ்பா இறங்குவாள், எடுப்பாள், ஏறுவாள். சுவர் மேல் உட்கார்ந்திருந்த ஆண்கள் சும்மா இருப்பார்களா?

"புஷ்பாக்கா, அப்பிடியே கூடையையும் எடுத்துக்கிட்டுப் போங்க. ரெண்டு கிலோ பறிச்சிட்டு வரலாம்!"

"நீ எறங்கி வாடா தம்பி. அட்டைங்க ஒன்னத்தான் தேடுதுங்க!"

அந்தச் சரிவைக் காட்டி எங்களை யார் பயமுறுத்த முடியும்? அதில்தானே தினமும் நிற்கிறோம். சட்டம் போட்டவர்களுக்கு இது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தோட்டமே மைதானத்தில். மூன்று தேயிலைக் குச்சிகளை விக்கெட்டாக நட்டார்கள். யோகராஜ் மட்டையைச் சுழற்றிக்கொண்டு வந்தான்.

பயத்தில் புஷ்பாவுக்கு முதல் இரண்டு பந்தும் நேராகவே போயின. இரண்டையும் அவன் சுவரில் மோத அடித்தான். மூன்றாவது திரும்பியது, ஆனால் ரொம்பத் தள்ளி. இறங்கி எடுத்துக்கொண்டு வந்தாள். நான்காவதை அவன் தடவினான். ஐந்தாவது மட்டையின் ஓரத்தில் பட்டுத் தப்பித்தது. இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பைப்ப மூடுடி!" என்று கத்தினாள் ஜெயந்தி.

ஆறாவது பந்து அவனுக்கு வெளியே, சுவர்ப் பக்கமாகப் போனது. "வைடு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே அவன் மட்டையைத் தூக்கி ஒதுங்கினான். பந்து விழுந்தது. திரும்பியது. நடுக் குச்சியைச் சாய்த்தது.

அப்புறம் என் மகன் வாயைத் திறந்தான்.

"கல்லு! கல்லுல பட்டுத் திரும்பிருச்சு!"

சுவர் மேலிருந்த அத்தனை ஆண்களும், "ஆமா, கல்லு, கல்லு!" என்றார்கள். அவ்வளவு தூரத்திலிருந்து அவர்களுக்கு மட்டும் கல் தெரிந்திருக்கிறது!

நான் இறங்கி நடுவில் போனேன். பந்து விழுந்த இடத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்ற மண்.

"எங்கடா கல்லு? காட்டு."

"நீ போம்மா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"இன்னொன்னு போடவாங்க?" என்று கேட்டாள் புஷ்பா. கையில் பந்தோடு, அமைதியாக.

அவன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கினான். "நேரமாச்சு" என்று போய்விட்டான்.

மறுநாள் கோயில் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முதல் வரியே பெண்கள் கிரிக்கெட். எங்களுக்கு ஒரே சந்தோசம். நானும் மகனை மன்னித்துவிட்டேன், இரண்டு நாளைக்கு.

புதன்கிழமை கடைக்குப் போனேன். உள்ளே அவன் குரல். யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான்: "அம்மா ரொம்ப ஆசப்பட்டுச்சு. பாவம், வயசான காலத்துல மனசு நோகக் கூடாதுல்ல. அதான் விட்டுக் குடுத்தேன்."

கழகக் கொப்பியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறானாம். 'தாயாரின் வேண்டுகோளுக்கு இணங்க.'

நான் எப்போதடா வேண்டினேன்? யார் காலில் விழுந்தேன்?

எங்களுக்குக் கிடைத்தது எல்லாமே இப்படித்தான் எழுதப்படுகிறது, கவனித்திருக்கிறீர்களா? நாங்கள் அடித்துப் பிடித்து வாங்கியிருப்போம். கொப்பியில் பார்த்தால், யாரோ மனமிரங்கிக் கொடுத்ததாக இருக்கும். பாவம் பார்த்துக் கொடுத்ததை அடுத்த வருசம் பிடுங்கிக்கொள்ளலாம். ஜெயித்து வாங்கியதைப் பிடுங்க முடியாது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அதுதான் எல்லாம்.

கொப்பியைத் திருத்தச் சொன்னேன். "எழுதினது எழுதினதுதாம்மா" என்றான்.

அப்படியா? சரி. எனக்கும் எழுதத் தெரியும். இது பதுளை முழுக்கப் போகிற பேப்பர்.

செயலாளர் யோகராஜ், ஆறாவது பந்தில், புஷ்பா போட்ட பந்துக்கு அவுட். அங்கே கல் இல்லை.