பசுவந்தனை ரோட்டில் பூனையோடு

எங்கள் பூனை பக்கத்து வீட்டுக்காரரின் புறா ஒன்றைப் பிடித்துத் தின்றுவிட்டது. அவர் மறுநாள் காலையில் இறகுகளை அள்ளிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கொட்டினார்.

"நாளைக்கு எல்லாரும் ஊருக்குப் போறீங்கல்லா? போயிட்டு வாங்க. வரும்போது பூனை உசுரோட இருக்காது. சோத்துல மருந்து வச்சிருவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள் அவர். அத்தை மகளின் வளைகாப்புக்கு நாங்கள் ஓட்டப்பிடாரம் புறப்பட்டபோது பூனையும் எங்களோடு வந்தது அதனால்தான்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்தொன்பது வயது. கோவில்பட்டியில், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பல குடும்பங்கள் இருக்கிற ஒரு வளவு வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர் குடியிருந்தோம். அப்பா பழைய அம்பாசிடர் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காரைத் தன் தோள் துண்டால் துடைப்பார். அதன் கதவை ஒரு நாளும் ஓங்கிச் சாத்தியதில்லை. மற்ற எல்லாவற்றின் மேலும் அவர் கை விழும். சோறு குழைந்தால் அம்மாவுக்கு அடி, குழையாவிட்டாலும் அடி. எனக்கு பெல்ட். அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் நேராக நிற்காது. யாராவது கேட்டால் "அம்மியில நசுங்கிட்டு" என்பாள். ஆஸ்பத்திரி நர்ஸ்கூட அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

புறப்படும் நேரத்தில் ஓலைப் பெட்டிக்குள் பூனையை வைத்து மேலே பழைய சேலைத்துணியால் கட்டிக்கொண்டு வந்தேன். சாம்பல் வரி போட்ட பெண் பூனை. அப்பா பெட்டியைப் பார்த்தார்.

"என்னட்டி இது?"

"பூனைப்பா. இங்கன விட்டா கொன்னுருவாவ."

கன்னத்தில் அறை விழுந்தது. காதுக்குள் கொய்யென்று இரைந்தது. "நல்ல காரியத்துக்குப் போறப்ப பூனைய ஏத்திக்கிட்டு எவனாவது போவானா?"

அம்மா மெதுவாகச் சொன்னாள்: "குட்டியிலிருந்து வளத்துட்டா. டிக்கியில கெடந்துட்டுப் போகட்டுமே."

அவர் டிக்கியைத் திறந்துவிட்டார். ஆனால் டிக்கிக்குள் பெட்ரோல் வாடை. பெட்ரோல் பங்க்கில் அவர் இறங்கி யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது நான் பெட்டியை எடுத்துப் பின்சீட்டில் என் காலடியில் வைத்துக்கொண்டேன். அம்மா முன்சீட்டில் இருந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் பருத்தியும் கம்பும் நின்றன. ஈரத்தில் கரிசல் மண் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. பசுவந்தனைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பூனை கத்த ஆரம்பித்தது. வீட்டில் அது அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. வயிற்றிலிருந்து இழுத்து, கிழிந்துபோன குரலில் கத்தியது.

"சத்தம் டிக்கியிலிருந்து வரலியே" என்றார் அப்பா.

 அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் பின்புறத்தால் அம்மாவின் வாயில் அடித்தார். "ஆத்தாளும் மகளும் கூடிக்கிட்டு என்னை ஏமாத்துதியளோ?" அம்மாவின் உதட்டிலிருந்து ரத்தம் வழிந்து அவளுடைய புதுச் சேலையில் சொட்டியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் மறுபடியும் அடித்தார்.

கார் ஒரு பக்கமாக ஆடியதில் பெட்டி சரிந்தது. பூனை துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. நான் பிடிக்கக் குனிவதற்குள் முன்சீட்டின் மேல் ஏறி, அங்கிருந்து அப்பாவின் கழுத்தில் பாய்ந்து நகத்தைப் பதித்துத் தொங்கியது. அவர் அலறிக்கொண்டு இரண்டு கையாலும் அதைப் பிய்த்தார். கார் ரோட்டை விட்டு இறங்கியது. பருத்திச் செடிகள் முறிகிற சத்தம் கேட்டது. முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்து வண்டி நின்றது. ஒருவருக்கும் அடி படவில்லை.

அப்பா இறங்கினார். கழுத்திலிருந்து ரத்தம் சட்டைக்குள் ஓடியது. நேராகப் போய் டிக்கியைத் திறந்து ஜாக்கி லிவரை எடுத்தார். முழங்கை நீளத்துக்கும் அதிகமான இரும்புக் கம்பி அது. சீட்டுக்கு அடியில் பதுங்கியிருந்த பூனையைப் பின்னங்காலைப் பிடித்து இழுத்தார். அது அவர் பெருவிரலில் பல்லை இறக்கியது. ஓங்கித் தரையில் அடித்தார். சேறு என்பதால் சாகவில்லை. எழுந்து ஓடப் பார்த்தது. லிவரால் ஒரு போடு போட்டார். பின்னங்கால் ஒடிந்து, இடுப்பை இழுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழையப் போனது. அவர் மறுபடியும் ஓங்கினார்.

அம்மா குறுக்கே போய் விழுந்தாள்.

அவள் எப்போது காரிலிருந்து இறங்கினாள் என்று எனக்குத் தெரியாது. எத்தனையோ வருஷமாக என் மேல் அடி விழும்போதெல்லாம் மூலையில் நின்று அழுதவள். அன்றைக்குப் பூனைக்காகப் போனாளா, வேறு எதற்காகப் போனாளா என்று அவளும் பின்னால் ஒருபோதும் சொல்லவில்லை. லிவர் அவள் முன்கையில் இறங்கியது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவள் கத்தவில்லை. கையைப் பார்த்தாள். அது வளையக்கூடாத இடத்தில் வளைந்திருந்தது.

சேறும் ரத்தமுமாக இருந்த அப்பாவின் கையிலிருந்து லிவர் நழுவிக் கீழே விழுந்தது. அதை நான் எடுத்தேன்.

"போடுட்டி கீழே" என்றார்.

நான் அடித்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். பிறகு என் தலைமுடியைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது அடியைக் குறி பார்த்து அடித்தேன். காறை எலும்பு உடைந்தது. அவர் அப்படியே சேற்றில் உட்கார்ந்தார். இன்னொரு அடிக்கும் கை ஓங்கி நின்றேன். அவர் தலை அங்கே கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது. அம்மா, "போதும், எம்மா போதும்" என்றாள். நான் நிறுத்தினேன்.

கம்பங்காட்டிலிருந்து ஒருவர் ஓடி வந்தார். காட்டுக்குச் சொந்தக்காரர்.

"என்ன அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

அப்பா அண்ணாந்து பார்த்து, "பூனை மேல பாஞ்சிட்டு. வண்டி பள்ளத்துல எறங்கிட்டு. அதுல பட்ட அடி" என்றார்.

அந்த மனிதர் காரைச் சுற்றி வந்து பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். என் கையில் இருந்த லிவரைப் பார்த்தார். "கண்ணாடிகூட ஒடையலியே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.  மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து அம்மாவை ஏற்றினார்.

பூனையை எடுக்கக் காருக்கு அடியில் படுத்து ஊர்ந்தேன். என்னையும் அது அடையாளம் காணவில்லை. உள்ளங்கையில் எலும்புவரைக்கும் கடித்தது. விடாமல் இழுத்துத் தாவணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தபோது அப்பா காரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களைக் கூப்பிடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

பசுவந்தனையில் பஸ் ஏறினோம். பூனையைப் பார்த்துக் கண்டக்டர் முகம் சுளித்தார். அம்மாவின் கையைப் பார்த்ததும் முன்சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். ஓட்டப்பிடாரம் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி என்று கேட்டதற்கு அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். "எங்க வீட்டுக்காரரு அடிச்சாரு" என்றாள். அதை அவள் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயந்திரம் அப்பா கழுத்திலிருந்து கையைத் தூளி கட்டிக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்தார். கார் விபத்து என்று வளைகாப்புக்கு வந்த எல்லாரிடமும் சொன்னார். அத்தை அவருடைய அக்கா. அவருக்குக் காப்பி கொடுத்துவிட்டு அடுக்களைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

"எங்கய்யாவும் எங்கம்மாவ இப்படித்தான் போட்டு அடிப்பாரு. நாங்க அம்புட்டு பேரும் பாத்துக்கிட்டே நிப்போம். உன் அப்பனும் பாத்துக்கிட்டே நின்னவன்தான்" என்றாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கொஞ்ச நேரம் என் கடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பூனையைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். மூன்று காலோடு அது அங்கே பல வருஷம் இருந்தது. நான் போகும்போதெல்லாம் பரண் மேல் ஏறி உறுமும்.

அப்பாவின் தோள் சரியாகக் கூடவில்லை. கார் ஓட்டமுடியாமல் அதை விற்றார். ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். என்னோடு பேச்சு நின்றுபோயிற்று. அடுத்த தை மாதத்தில் ஒரு நாள், சாப்பிடும்போது குழம்பில் உப்பு அதிகம் என்று அம்மாவைப் பார்த்து இடது கையை ஓங்கினார். நான் எழுந்து நின்றேன். கையில் எதுவும் இல்லை. அவர் ஓங்கிய கையைத் தலைக்குக் கொண்டுபோய் முடியைக் கோதிக்கொண்டார். அம்மா அவர் முன்னால் தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

அன்று மத்தியானம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "நீ கல்யாணம் கட்டிப் போயிட்டா?"

"நீயும் கூட வா."

"ஊரு என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி நான் சாத்தூருக்குப் போனபோது ஒரு தகரப் பெட்டியோடு அம்மா என்னுடன் பஸ் ஏறினாள். அப்பா வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த அவள் ஊர் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு முன்னால் இருந்த டிரைவரைச் சுட்டிக்காட்டி, "எவ்வளவு மெதுவா ஓட்டுதாரு பாரு" என்று சிரித்தாள்.