களப்பில் ஊறிய கால்

அன்றைக்கு உச்சமுனையில், மீன் பிடிக்கிறவர்கள் தங்குகிற வாடியில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், என் புருஷன், என் அண்ணன், அண்ணனின் மனைவியான மச்சாள், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, அவருடைய கூலியாட்கள் இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை. பின்னால் ஊர்த் தலைமைக்காரரான விதானையார் திரும்பத் திரும்பக் கேட்டதில் இது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எதற்கும் பயப்படுகிறவள். காற்று எழும்பினாலும் பயம், விழுந்தாலும் பயம். அன்று பார்த்து, பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் வேறு எதற்கோ பயந்துகொண்டு நின்றேன்.

முந்தின கிழமை ஏழு நாளும் மழை. கடலோடு தொடுத்துக் கிடக்கும் எங்கள் களப்பில் உப்புக் குறைந்துபோயிருந்தது. பிறகு அடித்த வெயிலில் கரையோரத் தண்ணீர் காலை வைத்தால் கஞ்சிபோல வெதுவெதுத்தது. இறால் அள்ளுப்பட்ட நாட்கள் அவை. தன் கூட்டிலிருந்த இறாலை என் புருஷன் அள்ளிவிட்டார் என்று அண்ணன் காலையிலேயே சாராயத்தைக் குடித்துவிட்டு வந்தான். குடிக்காத நாளே அவனுக்குக் கிடையாது. கண் இரண்டும் எந்நேரமும் மஞ்சள் பூத்திருக்கும்.

"தங்கச்சியத் தந்தன். அது காணாதெண்டு இறாலையும் எடுக்கிறியா மச்சான்?" என்றான்.

சீதனக் காசைக் குடித்து முடித்தது ஆர் என்று என் புருஷன் திருப்பிக் கேட்டார். கேட்ட வாய் மூடுமுன் துடுப்பு அந்த வாயிலேயே விழுந்தது. முன்பல் இரண்டு, காயப்போட்டிருந்த இறாலின்மேல் தெறித்தன. அவர் பல்லைத் தேடவில்லை. கூரையில் செருகியிருந்த மண்டாவை உருவினார். மீன் குத்துகிற முள்ளீட்டி அது. நெஞ்சுக்குத்தான் ஓங்கினார். கூலியாட்கள் கையைப் பிடித்து இழுத்ததில் ஒரு முள் மட்டும் அண்ணனின் கெண்டைக்காலில் ஏறியது. விரல்நுனி போகிற அளவு ஓட்டை. இரத்தம்கூட அதிகம் இல்லை. நான் என் புருஷனின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடலில் வெட்டுப்பட்டால் உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது எங்கள் சனத்தின் வழக்கம். பெருங்கடல் பக்கம் அப்படிக் காய்ந்த புண்களை நானே கண்டிருக்கிறேன். சம்மாட்டி அதைத்தான் சொன்னார்.

"களப்புக்க இறக்குங்கடா. உப்பு நஞ்சத் தின்னும்."

அண்ணன் கூலியாட்களை மிதித்தான், கடித்தான், அவர்களின் தாய்மாரை ஏசினான். அவர்கள் அவனை இழுத்துக்கொண்டுபோய், இறால் தலைகளைக் கழித்துக் கொட்டுகிற கரையில், முழங்கால் மறையும் தண்ணீரில் அமத்திப் பிடித்தார்கள். இரத்தம் நின்றபிறகே விட்டார்கள்.

விடியுமுன் காய்ச்சல் வந்துவிட்டது. வெளிச்சம் வந்தபோது கால் தொடைவரை வீங்கி நாவல்பழ நிறத்தில் இருந்தது. தோலில் இரத்தக் கொப்புளங்கள் எழும்பி, எங்கள் கண்முன்னாலேயே வெடித்தன. மச்சாள் விளக்குமாற்றால் என் புருஷனை அடித்தாள். அது முறிந்ததும் நகத்தால் அவர் முகத்தைக் கீறினாள். வள்ளத்தில் புத்தளம் போகும் வழியெல்லாம், அலை மோதும்போதெல்லாம் அண்ணன் அலறினான்.

ஆஸ்பத்திரியில் தொடையோடு காலை அறுத்தார்கள். நான் வெளியே நின்றேன். எலும்பில் அறுக்கிற வாள் போகிற சத்தமும் மரத்தில் போகிற சத்தமும் ஒன்றுதான்.

அதற்குள் பொலிஸ்காரன் என் புருஷனுக்கு விலங்கு மாட்டிவிட்டான். அண்ணன் செத்தால் கொலை வழக்கு, கொலை என்றால் கயிறு என்று எல்லோரும் என் காதுபடக் கதைத்தார்கள். அண்ணனுக்கு உயிர் கொடு மாதாவே என்று மன்றாடினேன். ஆருக்காக மன்றாடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

டொக்டர் கொப்புளத் தண்ணீரை, கிருமியைப் பெரிதாகக் காட்டுகிற குழலில் வைத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். இந்தக் குத்துக்கு ஒரே நாளில் தொடை அழுகாது என்று விதானையாரிடம் சொன்னார். உள்ளே வளைந்த கிருமிகள் மொய்க்கின்றனவாம்.

"வாந்திபேதிக் கிருமியிட சொந்தக்காரன் மாதிரிக் கிடக்கு. பேர் எனக்கும் தெரியா. ஈட்டியில வந்ததில்ல இது, தண்ணியில வந்தது."

அதையே எழுதியும் கொடுத்தார். விலங்கு கழன்றது.

அந்தக் கிருமியைப்பற்றிப் பல வருடங்கள் கழித்து வேறொரு டொக்டர் எனக்கு விளக்கினார். விளங்கின அளவுக்கு எழுதுகிறேன். மழை உப்பைக் குறைத்து வெயில் சுடவைக்கிற தண்ணீரில் அது பெருகுமாம். இறால் ஓட்டில் ஒட்டிக்கொண்டு அந்த ஓட்டையே தின்னுமாம். அதைப் பிடித்து விழுங்க, கண்ணுக்குத் தெரியாத வேறு பிராணிகள் களப்பில் அலைகின்றன. விழுங்கப்பட்டவற்றில் கிட்டத்தட்ட எல்லாம் சாகும். எப்போதோ ஒன்று, விழுங்கினதன் வயிற்றை உள்ளேயிருந்து கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதன் குட்டிகளுக்கும் அந்தக் கிழிக்கிற குணம் இருக்கும். மனிதன் களப்பில் கால் வைக்கும் முன்னமே இந்தக் கொலை நடந்துகொண்டிருந்ததாம். எங்கள் இரத்தத்திலும் கிருமியை விழுங்குகிற காவல்காரர் இருக்கிறார்கள். களப்பில் செய்ததையே இந்தக் கிருமி அங்கேயும் செய்கிறது. இரும்புச் சத்து என்றால் அதற்கு உயிர். குடித்து ஈரல் கெட்டவனின் இரத்தத்தில் அந்த இரும்பு காவலில்லாமல் நிறைந்து கிடக்குமாம். எங்களோடு அதற்குப் பகை ஒன்றும் இல்லை. அதைக் கேட்டபிறகு நான் களப்பில் பாத்திரம் கழுவுவதையே விட்டுவிட்டேன்.

அண்ணன் பிழைத்தான். கட்டைக்காலோடும் கக்கத்தில் ஒரு தடியோடும் வந்த பிறகு, கோயில் வாசலில் விதானையார் பேச்சுவார்த்தை வைத்தார். காலுக்கு இருநூறு ரூபாய் என்று தொடங்கினார். இருநூறுக்கு வள்ளத்தை விற்க வேண்டும், வள்ளம் போனால் நாங்கள் பட்டினி. அண்ணன்தான் மறித்தான்.

"குத்தினதுக்கு மட்டும் தரட்டும். களப்பு தின்ன காலுக்கு இவனிட்ட எப்பிடிக் கேக்கிறது? களப்பில வழக்கு வைக்கவா?"

குத்துக்கு நாற்பது என்று முடிந்தது. என் புருஷன் கண் கலங்கி, அவன் கையைப் பிடிக்கக் கிட்டப் போனார். அண்ணன் தடியைச் சுழற்றி அவர் தோளில் இறக்கினான். காறையெலும்பு முறிந்த சத்தம் எனக்கும் கேட்டது.

"காசு குத்துக்கு மச்சான். இது காலுக்கு."

எலும்புக்காகப் பத்து ரூபாயை விதானையார் அந்த இடத்திலேயே கழித்தார். மிச்சம் முப்பது. முறிந்த தோளோடு தொழில் செய்து, இறால் விற்ற காசில் என் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். கட்டி முடியுமுன் அண்ணன் குடியிலேயே போய்விட்டான். மச்சாள் வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். பதினொன்றரை ரூபாய் கடன் இன்னும் நிற்கிறது.