வீடியோவில் இல்லாத கைகள்

எஸ்தர் அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு வீடியோவாகத்தான் வந்தது. காலையில் காபி குடித்துக்கொண்டே போனைத் திறந்தேன். 'கலைக்கரங்கள் ஓய்ந்தன' என்று பூப்போட்ட எழுத்தில் தலைப்பு. கீழே அக்காவின் சிரித்த முகம். அடுத்து, சிவப்பு நகப்பூச்சு போட்ட இரண்டு கைகள் ஒரு ஸ்கார்ஃபைத் தண்ணீரில் அலசுகின்றன. மிச்சக் காபியைக் கொட்டிவிட்டேன். அந்த வீடியோவை எடுத்தவன் நான். அந்தக் கைகள் அவருடையவை அல்ல.

அவரை அறிந்த உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மதியத்துக்குள் அதே வீடியோவை எனக்கு ஒன்பது பேர் அனுப்பினீர்கள். அவரிடம் ஸ்கார்ஃப் வாங்கியவர்கள், கூடவே வேலை செய்தவர்கள். ஒருவர்கூட 'இது யார் கை?' என்று கேட்கவில்லை.

சோமனூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவர் சாயம் போட்டார். துருப்பிடித்த ஆணிகளையும் வெல்லத்தையும் பானைத் தண்ணீரில் போட்டு மூன்று வாரம் புளிக்க விடுவார். கைத்தறித் துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து, அந்தப் பானைத் தண்ணீரில் முக்கினால் கண்ணெதிரே கறுக்கும். துணி மட்டுமா, கையும்தான். கண்காட்சிகளுக்குப் பானையோடே வந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அளவு முதற்கொண்டு சொல்லிக்கொடுப்பார். மூடியைத் திறந்ததும் நாற்றம் குடலைப் புரட்டும். கூட்டம் முந்தானையால் மூக்கைப் பொத்தும். "மூக்கப் பொத்திக்கிட்டே பாருங்க, பரவால்லீங்க. ஆனா பாத்துப்போட்டுப் போங்க" என்பார்.

அக்காவின் ஸ்கார்ஃப் எப்படி உருவாகிறது என்று ஒரு வீடியோ எடுத்துத் தரும்படி, அதை விற்கும் கோவைக் கடைக்காரர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன் நான். நல்ல வாய்ப்பு என்று குதித்தேன். ஒரு நாள் முழுக்கக் கொட்டகையில் எடுத்ததைப் போட்டுக் காட்டினால், கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க, கை இப்பிடி அழுக்கா இருக்குதுங்களே? பாக்கறவங்க துணியத் தொடுவாங்களா?"

மறுநாள் கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தியை உட்காரவைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் நல்ல தண்ணீர் ஊற்றி, கைகளை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அந்தப் பெண்ணின் விரல்களைப் பிடித்து, துணியை எப்படி அலசுவது என்று காட்டிக்கொடுத்தவரே எஸ்தர் அக்காதான். "இப்பிடிப் புடி அம்மணி, இல்லீன்னா முறுக்கிக்கும்." திரும்பும்போது பஸ்ஸில், "மூஞ்சி என்னுது, கை அவளுது. ரெண்டு பேரும் சேந்து ஒரு பொம்பளையச் செஞ்சுபோட்டோமுங்க தம்பி" என்று சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெட்கம் வரவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். மாரடைப்பாம். பெட்டியில் வெள்ளை உடையில் கிடந்தார். கைகளுக்கும் வெள்ளை உறை போட்டிருந்தார்கள், அது வழக்கம்தான். மாலையோடு வந்திருந்த கடைக்காரர் என் பக்கம் குனிந்து, "இப்பத்தானுங்க கை பாக்கற மாதிரி இருக்குது" என்றார். த்தூ என்று துப்பத் தோன்றியது. ஆனால் அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. பெட்டியருகே நின்ற மகள் மேரிக்கு அது கேட்டுவிட்டது. இரண்டு உறைகளையும் உருவிக் கீழே போட்டாள். கறுத்த நகங்கள், விரலிடுக்கில் படிந்துபோன கறுப்பு.

"எங்கம்மா இந்தக் கையிலதானுங்க எனக்குச் சோறு ஊட்டுச்சு" என்றாள் கடைக்காரரைப் பார்த்து.

கடைக்காரரைத் திட்டுவது சுலபம். கொட்டகையில் எடுத்த, வெட்டாத முழு வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான். இன்று உங்கள் எல்லோருக்கும் அதை அனுப்புகிறேன், மற்றதை அழித்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே, அவர் பானையருகே வந்து உட்காரும்போது, "அக்கா, கையக் கழுவிட்டு வாங்களேன்" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் என்னுடையது. அக்கா இரண்டு கைகளையும் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டுகிறார்.

"கழுவிட்டுத்தானுங்க தம்பி வந்திருக்கறேன்."