இலுப்பெண்ணெய் வாசம்

ஐம்பதுகளில் நான் வாங்கிய பழைய பந்தயக் காருக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும். இன்ஜின் எவ்வளவு சூடேறினாலும் அது நீர்த்துப் போகாது. "வேற எதையும் கலந்துறாதீங்க, உசுருக்கே ஆபத்து" என்று விற்றவர் எச்சரித்திருந்தார்.

ஒரு மதியம் மனைவியோடு திருச்சி ரோட்டில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தேன். நார்த்தாமலை தாண்டியதும் காருக்குள் கோயில் வாசம் அடித்தது. பக்கத்தில் கோயில் எதுவும் இல்லை. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"இலுப்பெண்ணெ வாசம் எங்கிட்டிருந்து வருது?" என்றேன்.

"நாந்தாங்க காலையில ஊத்துனேன்" என்றாள் அவள், சந்தோஷமாக. "அய்யனாருக்கு வெளக்கு போட்டதுல மிஞ்சுன எண்ணெ. ஒங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல?"

நான் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பதற்குள் இன்ஜின் அலறி இறுகியது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, கார் சுழன்றுபோய் நின்றது. புழுதி அடங்கியபோது, அவள் பக்கக் கதவுக்கு ஒரு சாண் தள்ளிப் புளியமரம் நின்றது.

"பாத்தீங்களா, அய்யனார் காப்பாத்திட்டாரு" என்று கைகூப்பினாள்.

இன்ஜின் இறுகியதே அந்த எண்ணெயால்தான் என்று இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு எந்தக் காரில் ஏறினாலும், அவள் பார்க்காத நேரமாக எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன்.