தொடைக்கு ஒரு ஜீன்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை காலை செகந்திராபாத் கடைத்தெருவில் என் மாப்பிள்ளையைத் திருடன் என்று பிடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை என்றால் தங்கை வசந்தியின் கணவர் சேகர். கச்சிபௌலியில் சாஃப்ட்வேர் வேலை. போன வருஷம் ஆபீசில் ரக்பி டீம் ஆரம்பித்தார்கள். யாரோ கேட்டார்கள், இவர் சரி என்றுவிட்டார். இப்போது தினமும் விடிந்ததும் சைனிக்புரி மைதானத்தில் இன்டர்வல் ட்ரெயினிங்.

நமக்குத் தெரிந்த இன்டர்வல் பாப்கார்ன் வாங்குவதற்கு. இது வேறு. அரை நிமிஷம் உயிர் போகிற மாதிரி ஓட வேண்டும். பிறகு மூச்சு திரும்பும் வரை நடை. மறுபடி ஓட்டம், மறுபடி நடை...

பலன்? இடுப்பு இளைத்தது. தொடை பெருத்தது. கம்பெனிக்காரர்கள் ஜீன்ஸ் தைப்பது இடுப்பை நம்பித்தானே! இடுப்புக்கு வாங்கினால் முழங்காலுக்கு மேல் ஏறாது. தொடைக்கு வாங்கினால் இடுப்பில் இன்னொருவர் குடியிருக்கலாம். பெரிதாக வாங்கி, ஆல்டரேஷனுக்குக் கொடுத்து, பின்பாக்கெட் இரண்டும் நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட கதையும் உண்டு. மால்களில் சரியாகப் பொருந்துவது கிடைக்கிறது. விலையைப் பார்த்தால்தான் தொடை நடுங்குகிறது.

இரண்டு ஜீன்ஸ் தொடைத் தையலில் கிழிந்தன. ஒன்று பைக்கில் காலைத் தூக்கிப் போட்டபோது. இன்னொன்று கம்பெனி பஸ் படியில், டீம் லீடர் பின்னால் நிற்கும்போது. வசந்தி தீர்ப்பு சொல்லிவிட்டாள்:

"இன்னொண்ணு கிழிஞ்சா ரக்பி நக்கோ, வேணவே வேணாம். ஜீன்ஸ் வாங்குறதுக்காகவா நான் வேலைக்குப் போறேன்?"

மாப்பிள்ளை முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அடுத்த மாதம் அவருக்கு முதல் மேட்ச்!

அதனால்தான் மூவரும் கடைத்தெருவுக்குப் போனோம். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய சரக்கு விற்கும் கடை. விலை மலிவு. ஆனால் விற்ற சரக்கைத் திரும்ப வாங்கமாட்டார்கள். ஐந்தாவது ஜீன்ஸ் இடுப்பிலும் நின்றது, தொடையிலும் நுழைந்தது.

"இங்கேயே சோதிச்சுப் பாருங்க. வீட்டுக்குப் போய்க் கிழிஞ்சா நான் பொறுப்பில்லை" என்றாள் வசந்தி.

உட்கார்ந்து எழுந்தார். தையல் தாங்கியது. மனிதருக்குத் திருப்தி இல்லை. "உட்கார்ந்தா போதாது வசந்தி, ஒரு ரவுண்டு ஓடிட்டு வந்துடறேன்" என்று தமிழில் சொல்லிவிட்டு, வெறுங்காலோடு தெருவில் பாய்ந்தார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. அவர் பார்த்தது, விலைச்சீட்டு ஆட ஆட ஒரு புது பேண்ட் கடையை விட்டு ஓடுவதை.

"பேண்ட் லேகே பாக்ரா! பகடோ!" — பேண்டோடு ஓடுகிறான், பிடியுங்கள் என்று கத்தினார்.

பழைய பேண்ட், பர்ஸ், செல்போன், செருப்பு எல்லாம் கடைக்குள். எந்தத் திருடன் இவ்வளவையும் வைத்துவிட்டு ஓடுவான்? யோசிக்க யாருக்கு நேரம்? மூன்று பேர் துரத்தினார்கள். அவர்களால் பிடித்திருக்கவே முடியாது. ஆனால் அரை நிமிஷம் ஆனதும் மாப்பிள்ளை பழக்கப்படி ஓட்டத்தை நிறுத்தி, இடுப்பில் கைவைத்து, சாவகாசமாக நடக்க ஆரம்பித்தார்...

ஒருவர் இடுப்பைப் பிடித்தார். ஒருவர் காலைக் கட்டிக்கொண்டார். மூன்றாமவர் மேலே விழுந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நால்வரும் தரையில்.

"கைக்கு பாக்ரே மியா?" — ஏனய்யா ஓடுகிறாய் என்று மேலே கிடந்தவர் கேட்கிறார். "ஓடலை பாய், ட்ரையல்!" என்கிறார் அடியில் கிடந்தவர்.

நான் அரைகுறை ஹிந்தியில் விளக்கி எல்லோரையும் எழுப்பினேன். வசந்தி புருஷனுக்கு அடிபட்டதா என்று கேட்கவில்லை. நடுத்தெருவில் குனிந்து, தொடைத் தையலை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு நூல் பிரியவில்லை.

"மேட்சுக்குப் போங்க" என்றாள்.

மாப்பிள்ளை முழங்கை ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

கடைக்காரர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். ஸ்டூல் போட்டார், டீ வரவழைத்தார். இதுதான் சமயம் என்று வசந்தி பேரத்தைத் தொடங்கினாள். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"மூணு ஆள் இழுத்தும் கிழியாத சரக்கு, மேடம். இதுக்குப் போய் டிஸ்கவுண்டா?" என்றார் ஹிந்தியில்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். சொன்னவர் கடைத்தெரு பக்கம் வந்திருக்கமாட்டார்.