ஆறு பேரும் 'எனக்கு' என்றார்கள்

பி.டி. வாத்தியாருக்கு விசில் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள், பதினான்கு வயதுப் பெண்கள் ஆறு பேருக்கு வாலிபால் சொல்லிக்கொடுத்துப் பார்க்கட்டும். தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கி மாளாது. என் வயிற்றெரிச்சல் சக வாத்தியார்களுக்குத்தான் புரியும். போதாததற்கு, இந்த வருடம் எங்கள் மயிலாப்பூர்ப் பள்ளித் தலைமையாசிரியை ஒரு குண்டு போட்டார். பள்ளிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் மாலையில் விளையாட்டு கிடையாது, எல்லோருக்கும் ஸ்பெஷல் கிளாஸ். டீமே காலி என்று அர்த்தம்.

சாக்பீஸ் பாடம்

சிமெண்ட் தரையில் கோர்ட் வரைந்து, ஆறு வட்டம் போட்டு, யார் எங்கே ஓட வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டேன். எதிரே உட்கார்ந்து அழகாகத் தலையாட்டினார்கள். ஆட்டம் தொடங்கியதும் இடது பக்கம் போக வேண்டியவள் வலதுக்கும், வலதுக்காரி இடதுக்கும் ஓடி, நடுவில் முட்டிக்கொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கேப்டன் ஜெனிஃபர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "சார், நீங்க அந்தப் பக்கம் உக்காந்து வரஞ்சீங்க. எங்களுக்கு எல்லாமே தலைகீழாத்தான் தெரிஞ்சுது."

வாய்விட்டுச் சொல்

மறுநாள் அவர்கள் பக்கமே உட்கார்ந்து வரைந்தேன். கூடவே, "பந்து வந்தா சும்மா நிக்காதீங்க, 'எனக்கு'ன்னு கத்துங்க" என்று பத்துத் தடவை சொன்னேன்.

ஒரு பந்து உயரமாக வந்தது. ஆறு பேரும் "எனக்கு!" என்று கத்தினார்கள். பந்து நடுவில் நிம்மதியாக விழுந்தது. ஒருத்தியும் அசையவில்லை. தேவி மட்டும் இடுப்பில் கை வைத்துக் கேட்டாள்: "இன்னா சார், கத்தச் சொன்னீங்க, கத்துனோம். எடுக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

முப்பது விநாடி

போட்டி அடையாறில். பதினைந்து புள்ளிக் கடைசி செட், பதிமூன்றுக்குப் பதிமூன்று. எதிர் டீமில் ஒரு நெட்டைப் பெண் மூலையில் அடித்தே புள்ளி வாங்கிக்கொண்டிருந்தாள். முப்பது விநாடி டைம்-அவுட் கேட்டு, கோர்ட் வரைந்து காட்ட அட்டையை எடுத்தேன். தேவியை வலைக்குப் பக்கத்தில் வரைந்தேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. பயம்தான், ஒளிப்பானேன்? நான் முழிப்பதைப் பார்த்து ஜெனிஃபரே பேசினாள். "தேவி, நீ பின்னாடி மூலைக்குப் போ. அவ தோளத் திருப்புனா அங்கதான் அடிப்பா, நா பாத்துக்கிட்டே இருந்தேன்."

நெட்டைப் பெண் மூலைக்கு அடித்த இரண்டு பந்தையும் தேவி எடுத்தாள், ஜெனிஃபர் திருப்பி அடித்தாள், ஜெயித்துவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆட்டம் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியை கேலரியிலிருந்து இறங்கி வந்து, "கடைசியில அப்படி என்ன சொல்லிக்குடுத்தீங்க சார்?" என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமுவதற்குள் தேவி முந்திக்கொண்டாள்: "சார் கம்முனு இருந்தாரு மிஸ், அதான்."

எத்தனையோ வருடமாகக் கத்தியும் கிறுக்கியும் நான் நடத்திய பாடங்களில், உருப்படியான ஒன்று எனக்கே தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது.